மஞ்சள் காரில் பச்சை விளக்கு

மதுரை மாநகர மக்களுக்கும் சுற்றுவட்டாரப் பெருமக்களுக்கும் மிகுந்த பொறுப்புணர்ச்சியோடு அறிவிக்கப்படுவது என்னவென்றால்: திருநகரில் வசிப்பவரும், 'அச்சத்தை அடித்து நொறுக்கு' என்ற பயிற்சி முகாமை ஊர் ஊராக நடத்தி வருபவரும், தன்னம்பிக்கைச் செம்மல் என்று தனக்குத் தானே போஸ்டர் அடித்துக்கொண்டவருமான சிவராம் அவர்கள், சென்ற சித்திரை மாதத்தில் ஒரு நாள், பட்டப்பகலில், பயந்துவிட்டார்.

சிரிக்க வேண்டாம். இது நடந்தது. நம்பாதவர்கள் ஆரப்பாளையம் பஸ் ஸ்டாண்டுக்கு எதிர்ச்சந்தில் கார் ஸ்டீரியோ, ஸ்பீக்கர், டிராக்கர் எல்லாம் மாட்டிக்கொடுக்கும் லாசரைப் போய்க் கேட்கலாம். மதியச் சாப்பாட்டு நேரத்தில் மட்டும் போக வேண்டாம். அந்த நேரத்தில் அவர் கடையில் இருப்பதில்லை. கடை திறந்தேதான் கிடக்கும், அவர் இருக்க மாட்டார். ஏன் என்பதைப் பிறகு சொல்கிறேன்.

வெற்றியைப் பற்றிப் பேசப் போகிறவன் ஆட்டோவில் போய் இறங்கினால் எவன் நம்புவான் என்பது சிவராமின் சித்தாந்தம். அதனால் புரோக்கர் மூலம் ஒரு பழைய ஸ்போர்ட்ஸ் கார் வாங்கினார். மஞ்சள் நிறம். இரண்டே கதவு, இரண்டே சீட்டு. தரையோடு தரையாக ஊரும். திருநகர் வேகத்தடைகள் ஒவ்வொன்றிலும் அடிவயிற்றைத் தேய்த்துக்கொண்டுதான் தாண்டும். பூஜை போட்டு நாலு டயருக்கும் எலுமிச்சம்பழம் வைத்தபோது, அஞ்சாவது பழம் மாதிரி அதுவும் நின்றது. அவர் மனைவி மாதங்கி பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். ஒரு தடவை அதில் ஏறி இறங்கிவிட்டு, இதுக்குள்ள ஏறி இறங்குறதுக்கே தனியா ஒரு முகாம் நடத்தணும்ங்க என்று சொன்னதோடு சரி. அப்புறம் அந்தப் பக்கமே போகவில்லை.

காரோடு ஒரு டிராக்கரும் வந்தது. தீப்பெட்டியை விடக் கொஞ்சம் பெரிய கறுப்புப் பெட்டி. டேஷ்போர்டுக்கு அடியில், இடது சீட்டில் உட்காருகிறவர் முழங்காலுக்கு நேரே ஒளித்து மாட்டியிருந்தது. உள்ளே ஒரு சிம் கார்டு. வண்டி எங்கே நிற்கிறது என்று போனில் காட்டும். திருடன் எடுத்துக்கொண்டு ஓடினால், இருந்த இடத்திலிருந்தே இன்ஜினை அணைத்துக் கதவைப் பூட்டலாம். அந்த நம்பருக்குப் போன் போட்டால் மணி அடிக்காது. தானாக எடுத்துக்கொள்ளும். வண்டிக்குள் என்ன பேசுகிறார்கள் என்று கேட்கலாம்.

"பச்ச லைட்டு விட்டு விட்டு எரிஞ்சா நல்லாருக்குன்னு அர்த்தம்ணே. விடாம எரிஞ்சா யாரோ லைன்ல இருந்து கேட்டுக்கிட்டு இருக்காங்கன்னு அர்த்தம்" என்று லாசர்தான் விளக்கினார். லாசரும் லேசுப்பட்டவர் இல்லை. சாட்டிலைட்டைத் தானே மேலே ஏற்றிவிட்டது போலப் பேசுவார்.

அந்தப் பெட்டி இரண்டு போன் நம்பர்களுக்குக் கட்டுப்படும். முதல் நம்பர் பழைய ஓனருடையது. அதை அழிக்க வேண்டுமென்றால் அந்த நம்பரிலிருந்தே மெசேஜ் வர வேண்டும். புரோக்கரிடம் கேட்டதற்கு, அவரு ரொம்ப நொந்து போயிருக்காருண்ணே, தொந்தரவு பண்ணாதீங்க என்றார். எதற்காக நொந்தார் என்று சிவராம் கேட்கவில்லை. நொந்தவர்களை நேரில் பார்த்தால் முகாமுக்குக் கூப்பிடுவாரே தவிரக் காரணம் கேட்கும் வழக்கம் அவருக்கு இல்லை. சிவராமின் நம்பர் இரண்டாவதாகச் சேர்ந்தது.

பத்து நாளைக்குள் கோளாறு ஆரம்பித்தது.

தினமும் மதியம், பன்னிரண்டே முக்கால் மணி வாக்கில், போனில் ஒரு மெசேஜ். 'வாகனம் நிறுத்தப்பட்டது. கதவுகள் பூட்டப்பட்டன.' வண்டி வீட்டு வாசலில் தகரக் கொட்டகைக்கு அடியில் நிற்கும். போன் வரைபடத்திலோ, வண்டியூர் தாண்டி, ரிங் ரோட்டை விட்டு விலகி, கிழக்கே ஒரு பொட்டல்வெளியில் சிவப்புப் புள்ளி நிற்கும். தினமும் அதே இடம். சிறிது நேரத்தில் புள்ளி திருநகருக்குத் திரும்பிவிடும்.

சிவராம் லாசரைக் கூப்பிட்டுக் கத்தினார். லாசர் வந்து வயரை மாற்றினார். ஆன்டெனாவை மாற்றினார். புள்ளி மாறவில்லை.

இன்னொன்றும் நடந்தது. சாயங்காலம் காரை எடுக்கப் போனால் டிரைவர் சீட்டு முன்னால் நகர்ந்திருக்கும். பட்டனை அழுத்தினால் மோட்டாரில் நகரும் சீட்டு அது. சிவராம் ஆறடி. முழங்கால் ஸ்டீயரிங்கில் இடிக்கும். ஏன் என் சீட்டை மாத்துற என்று மாதங்கியிடம் சண்டைக்குப் போனார்.

"எனக்கு சைக்கிளே ஓட்டத் தெரியாதுங்க" என்றார் மாதங்கி.

டிரைவர் பக்கக் கதவின் உள்பக்கத்திலும் கீறல்கள் இருந்தன. கண்ணாடிக்குக் கீழே, ரெக்சின் உரிந்து, நகம் நகமாக. பழைய ஓனர் நாய் வச்சிருந்தாருண்ணே என்று புரோக்கர் வாங்கும்போதே சொல்லியிருந்தார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் மெசேஜ் வந்த கையோடு, சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்தபடியே சிவராம் டிராக்கர் நம்பருக்குப் போன் போட்டார். எடுத்தது. முதலில் ஒன்றுமில்லை. அப்புறம்... டொக். டொக். டொக். விரல் கணுவால் கண்ணாடியைத் தட்டுவது போல. வாசலுக்கு ஓடிப் பார்த்தார். கார் காலி. திரும்பி வந்தபோது ரசம் ஆறியிருந்தது. பல்லியா இருக்கும் என்றார் மாதங்கி.

அன்றைக்குத்தான் லாசர் தன் மகத்தான யோசனையைச் சொன்னார். வாட்ச் தப்பாக ஓடினால் முள்ளைத் திருப்பி வைக்கிறோம். டிராக்கருக்கு முள் கிடையாது. அது சொல்லுகிற இடத்துக்கு நாம்தான் வண்டியைக் கொண்டுபோக வேண்டும். அங்கே நிறுத்தி, ஒரு தடவை பூட்டித் திறந்துவிட்டால், தான் எங்கே நிற்கிறோம் என்று அதற்குப் பிடிபட்டுவிடும்.

"அது பொய் சொல்லுதுன்னாத்தானண்ணே கோளாறு? அங்கேயே போய் நின்னுட்டா உண்மையாயிரும்ல" என்றார்.

சிவராமுக்கு இது பிடித்துப் போயிற்று. அடுத்த முகாமில் தன் பெயரில் சொல்லிவிடலாம் என்று அப்போதே முடிவு செய்துவிட்டார்.

மறுநாள் பதினொன்றரை மணிக்குக் கிளம்பினார்கள். தெப்பக்குளம் தாண்டி, ரிங் ரோடு தாண்டி, தார் ரோட்டிலிருந்து மண்பாதையில் இறங்கினார்கள். சுற்றிலும் காய்ந்து பிளந்த வயல். ஓரமாகக் கருவேலம். தூரத்தில் தார் ரோட்டு ஓரம் ஒரு டீக்கடை. அதைத் தவிர ஓர் ஆள் இல்லை, ஒரு மாடு இல்லை. சிவப்புப் புள்ளி இருக்கும் இடத்தில் வண்டியை நிறுத்தினார்கள். வெயில் பழுக்கக் காய்ச்சிய தோசைக்கல் மாதிரி இருந்தது.

வேலை இதுதான். வண்டிக்குள் ஓர் ஆள் இடது சீட்டில் உட்கார்ந்து கதவைச் சாத்திக்கொண்டு பச்சை விளக்கைக் கவனிக்க வேண்டும். இன்னோர் ஆள் போனிலிருந்து பூட்டவும் திறக்கவும் வேண்டும். அந்தப் பொட்டலில் டிராக்கரின் சிம்முக்கு டவர் கிடைத்தது, சிவராமின் போனுக்குக் கிடைக்கவில்லை. அதனால் சிவராமின் போனை வாங்கிக்கொண்டு லாசர் டீக்கடைப் பக்கம் நடந்தார்.

"ரெண்டே நிமிசம்ணே. பூட்டுவேன், தொறப்பேன். அசையாம உக்காந்திருங்க, வாரேன்."

சிவராம் இடது சீட்டில் உட்கார்ந்தார். ஏசி ஓடிக்கொண்டிருந்தது. பச்சை விளக்கு விட்டு விட்டு எரிந்தது.

டக்.

இன்ஜின் நின்றது. கதவுகள் பூட்டிக்கொண்டன. ஏசி ஒரு பெருமூச்சு விட்டு அடங்கியது. சபாஷ் லாசர் என்று நினைத்துக்கொண்டார்.

இரண்டு நிமிடம் ஆயிற்று. திறக்கவில்லை. அப்புறமும் திறக்கவில்லை. கதவின் கைப்பிடியை இழுத்தார். அதுவும் கரண்டில் வேலை செய்வது, செத்துக் கிடந்தது. சாவி பாக்கெட்டில்தான் இருந்தது. அழுத்தி அழுத்திப் பார்த்தார். கண்ணாடி இறங்கவில்லை. செருப்பைக் கழற்றிக் கண்ணாடியில் அடித்தார். செருப்புதான் பிய்ந்தது. ஹெட்ரெஸ்ட்டைப் பிடுங்கி உடைக்கலாமென்றால், ஸ்போர்ட்ஸ் காரில் அது சீட்டோடு சேர்த்துத் தைத்தது.

சட்டை முதுகில் ஒட்டிக்கொண்டது. மூச்சை ஆழ்ந்து இழுங்கள், நான்கு எண்ணும்வரை நிறுத்துங்கள் என்று எத்தனை ஆயிரம் பேருக்குச் சொல்லியிருப்பார். இழுத்தார். கொதிக்கிற காற்று நெஞ்சைச் சுட்டது. இரண்டு எண்ணுவதற்குள் விட்டுவிட்டார்.

பின்கண்ணாடி வழியே டீக்கடை தெரிந்தது. லாசர் நின்று கொண்டிருந்தார். இந்தப் பக்கம்தான் பார்த்துக்கொண்டிருந்தார். சிவராம் இரண்டு கையையும் ஆட்டினார். கண்ணாடியில் அடித்தார். வாயைத் திறந்து கத்தினார்.

லாசர் பார்த்தார். பிறகு மரியாதையாக முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

சிவராமுக்கு ஒன்றும் புரியவில்லை.

அப்போது கேட்டது.

ட்ட்ட்ர்ர்ர்...

டிரைவர் சீட்டு முன்னால் நகர்ந்தது. கரண்டே இல்லாத வண்டியில். மெதுவாக. நின்றது. இன்னும் கொஞ்சம் நகர்ந்து நின்றது. குள்ளமான யாரோ கால் எட்டுகிறதா என்று பார்த்துச் சரிசெய்து கொண்டது போல.

டிங்... டிங்... டிங்...

பெல்ட் போடவில்லை என்கிற மணி. டிரைவர் சீட்டில் ஆள் உட்கார்ந்தால் மட்டும் அடிப்பது.

சீட்டு காலி.

டிங்... டிங்...

ஹாரன், என்று அப்போதுதான் தோன்றியது. வலது கையை எட்டி ஸ்டீயரிங் பக்கம் நீட்டினார். கை பாதி வழியில் எதன் மேலோ பட்டது.

துணி. வேர்வையில் நனைந்த துணி.

துணிக்குள் ஒரு தோள்.

கையை இழுத்துக்கொண்டார். அதற்கப்புறம் ஹாரன் பக்கம் அவர் கை போகவில்லை. கதவோடு ஒட்டிக்கொண்டு, கண்ணை மூடி... திறந்தார். முழங்காலுக்கு நேரே பச்சை விளக்கு.

விடாமல் எரிந்தது.

யாரோ லைனில் இருக்கிறார்கள். லாசர்தான். கேட்டுக்கொண்டிருக்கிறார். சிவராம் குனிந்து பெட்டியிடம் பேசினார். முதலில் அதட்டினார். பிறகு விளையாடாதப்பா என்றார். பிறகு லாசரு, ஐயா, சாமி, என்னால முடியல என்றார். நாக்கு மேலே ஒட்டிக்கொண்டது. முன்கண்ணாடியில் வெயில் வெள்ளையாக உருகியது. வேர்ப்பது நின்றுவிட்டது. அது நல்லதுக்கில்லை என்று மட்டும் தெரிந்தது. மாதங்கி இந்நேரம் ஆறாம் வகுப்பில் பின்னம் நடத்திக்கொண்டிருப்பாள். அவளுக்கு யார் சொல்வார்கள்...

டொக். டொக். டொக்.

டிரைவர் பக்கக் கண்ணாடி. உள்ளேயிருந்து.

பிறகு குரல். இளம்பெண் குரல். தொண்டை வறண்டு, உடைந்து, மிகப் பக்கத்தில். அவரிடம் பேசவில்லை. பச்சை விளக்கிடம் பேசியது.

"அப்பா."

டிங்...

"தண்ணியாச்சும் குடுத்து விடுங்கப்பா."

டிங்...

அப்புறம் அவர் பக்கம் யாரோ முகத்தைத் திருப்பிப் பார்த்தது போல, கன்னத்தில் சூடாக ஒரு மூச்சு.

"இன்னைக்கு... கூட ஒருத்தர் இருக்காருப்பா."

...

"அவரையாவது விடுங்க."

டக்.

கதவு திறந்தது.

விழுந்து, தவழ்ந்து, எழுந்து, ஒற்றைச் செருப்போடு ஓடினார். தன்னம்பிக்கைச் செம்மல் அன்று ஓடிய வேகத்தைப் படம் எடுத்திருந்தால் எந்த முகாமிலும் காட்டலாம்.

டீக்கடையில் லாசர் எழுந்து நின்றார். கையில் டீ கிளாஸ்.

"பேசி முடிச்சிட்டீங்களாண்ணே?"

தலையில் தண்ணீர் ஊற்றி, மோர் வாங்கிக் கொடுத்து, சிவராமுக்குப் பேச்சு வந்த பிறகுதான், யாரோடு பேசி முடித்தேன் என்று அவரால் கேட்க முடிந்தது. லாசர் நெளிந்தார். பூட்டின கையோடு திறக்கவும் செய்தாராம். திறந்தது என்றுதான் போனிலும் வந்ததாம். நிமிர்ந்து பார்த்தால் டிரைவர் சீட்டில் ஓர் அக்கா உட்கார்ந்திருந்தார். சுடிதார். தலையைக் கவிழ்த்துக்கொண்டு. அண்ணன் அவரிடம் கையைக் காலை ஆட்டி, மேடையில் பேசுவது போலவே ஏதோ உருக்கமாகப் பேசிக்கொண்டிருந்தார்.

"பெரிய மனுசங்க. தெரிஞ்சவங்க யாரோ வந்திருக்காங்க. நடுவுல வந்து நின்னா மரியாதையா இருக்குமாண்ணே? அதான் நான் திரும்பி நின்னுக்கிட்டேன்."

சிவராம் அந்தப் பொட்டலைத் திரும்பிப் பார்த்தார். கார் நின்றது. இடது கதவு திறந்து கிடந்தது. வலது கதவு சாத்தியிருந்தது.

சாயங்காலம் மாதங்கி பக்கத்தில் உட்கார்ந்திருக்க, அவர் டிராக்கரில் பதிந்திருந்த முதல் நம்பருக்கு, அதாவது பழைய ஓனருக்குப் போன் போட்டார். திட்டித் தீர்ப்பதாகத்தான் உத்தேசம். எடுத்தவர் பெயர் பாண்டியராஜன். திருமங்கலம் பக்கம் கல்யாண மண்டபம் வைத்திருப்பவர். மஞ்சள் கார் வாங்கினவன் பேசுறேன் என்றதும் அவர் கேட்டார்:

"மத்தியானம் உள்ள இருந்தது நீங்கதானா?"

சிவராம் திட்ட வந்ததை மறந்தார்.

"தெனமும் ஒண்ணுதான் சொல்லுவா. தொறங்கப்பா, தண்ணி குடுங்கப்பான்னு. இன்னைக்குத்தான் மொதத் தடவையா வேற பேசினா. நான் தெனமும் அனுப்புற மாதிரித்தான் ஓப்பன்னு அனுப்பினேன். இம்புட்டு நாளும் தொறக்கல. இன்னைக்குத் தொறந்துச்சாக்கும்?"

அவர் மகள் முத்துமீனா. இரண்டு வருடத்துக்கு முன், இதே சித்திரையில், பாண்டியராஜனின் அண்ணன் மகள் கல்யாணத்தன்று எல்லோரும் மண்டபத்தில் இருந்த நேரம் பார்த்து, தனக்குப் பிடித்த பையனைத் தேடி இந்த மஞ்சள் காரில் கிளம்பிவிட்டாள். பாண்டியராஜன் போனில் பார்த்தார். வண்டியூர் தாண்டியதும் இன்ஜினை அணைத்தார். உருண்டுபோய்ப் பொட்டலில் நின்றது. கதவைப் பூட்டினார். கிடக்கட்டும், போய்க் கூட்டிவரலாம் என்று இருந்தார்.

"காரை எவன் சார் தூக்கிட்டுப் போகப் போறான்? மகளுக்காக மாட்டுனது அந்தப் பெட்டி" என்றார். "பந்தி நடந்துக்கிட்டு இருக்கு. சம்பந்திவீட்டுப் பெரியவங்க உக்காந்திருக்காங்க. வீட்டுக்காரன் நான் பாதியில எந்திரிச்சுப் போனா மரியாதையா இருக்குமா? ஒரு பந்திதான. போன் போட்டுக் கேட்டுக்கிட்டுத்தான் இருந்தேன். பாயசம் போடும்போது பேசிக்கிட்டுத்தான் இருந்தா. மோருக்கு வரும்போது பேசல. கோவமா இருக்கான்னு நெனச்சேன்."

அவர் குரலில் அழுகை இல்லை. கணக்கு ஒப்பிப்பது போல இருந்தது. மாதங்கி எழுந்து உள்ளே போய்விட்டார்.

சிவராம் வேறொன்றும் கேட்கத் தோன்றாமல், நாய் வளத்தீங்களா என்று கேட்டார்.

"நாயா? எங்க வீட்டுல நாயே கெடையாது சார்."

வைக்கும் முன் ஒன்று மட்டும் கேட்டுக்கொண்டார் பாண்டியராஜன். அந்தப் பெட்டியை மட்டும் கழட்டிவிட வேண்டாம் என்று.

மறுநாள் விடிந்ததும் லாசர் அதைக் கழற்றினார். சிம் கார்டைக் கத்தரியால் இரண்டாக வெட்டினார். பேட்டரியைப் பிடுங்கினார். வெறும் பெட்டியைத் தன் கடை மேசை டிராயரில் போட்டுப் பூட்டினார். கார் புரோக்கரிடமே திரும்பிப் போயிற்று. அடுத்து வருகிறவர்களிடமும் அவர் நாய் என்றுதான் சொல்கிறாராம்.

நான்கைந்து நாள் கழித்து, கழற்றியாகிவிட்டது என்று சொல்லிவிடுவது முறை என மாதங்கி வற்புறுத்தியதால், சிவராம் பாண்டியராஜனுக்குப் போன் போட்டார். சிம்மை வெட்டியதையும் சொன்னார். அவர் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார்.

"அப்படியா? இன்னைக்குக்கூடப் பேசினாளே" என்றார். "இப்ப வெயில் இல்லையாம். ஒரே இருட்டா இருக்காம். மரப்பெட்டி மாதிரி ஏதோ ஒண்ணுக்குள்ள இருக்காளாம். தொறக்கச் சொன்னா."

சிவராம் உடனே ஆரப்பாளையத்துக்குக் கூப்பிட்டார். அந்த டிராயர் அன்றிலிருந்து பூட்டப்படவில்லை. மதியம் லாசர் சாப்பிடப் போகும்போது கடையையும் பூட்டுவதில்லை. ஆரப்பாளையத்தில் பூட்டாத கடை அது ஒன்றுதான். இதுவரை எதுவும் திருட்டுப் போகவில்லை. ஒரே ஒரு தடவை, மதியம் பேட்டரி வாங்க வந்தவர் ஒருவர், கடையில் இருந்த பொண்ணு தண்ணி கேட்டுச்சே, யாரு அது, உங்க மகளா என்று விசாரித்துவிட்டுப் போனார். லாசருக்கு இரண்டும் பையன்கள்.

சிவராம் இப்போதும் முகாம் நடத்துகிறார். போகவர ஒரு ஸ்கூட்டர் வைத்திருக்கிறார். அதற்குக் கதவு கிடையாது.